ஒரு சாண் முன்னுக்கு

தொழில் பழகும் பிள்ளைகளே, எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள் என்றால், ஆள் மாறிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் இப்போது உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கே என் கைகளும் ஓய்வு பெற்றுவிட்டன. வாய் மட்டும் இன்னும் ஷிப்டில் நிற்கிறது. அதனால் ஒரேயொரு கதை சொல்கிறேன். நடுவில் யாராவது மணிக்கூட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அதையும் முதலே சொல்லிவிட்டேன்.

வாகனங்களுக்குப் பின்னால் எதையாவது கொழுவி அனுப்புவதுதான் நமது தொழில். படகு, குதிரைப் பெட்டி, கோடை விடுமுறைக்குப் போகிறவர்களின் கரவன் வீடு. எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்து, சவுத்தாலுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் சேர்ந்தேன். முதலாளி ஓர் ஐரிஷ்காரர். பேசுவது அபூர்வம். பேசினால் பாதி கெட்டவார்த்தை, மற்றப் பாதி சட்டம். மூன்று சட்டங்கள் வைத்திருந்தார். தேநீர்க் கோப்பையை வேலை மேசையில் வைக்காதே. நீ பூட்டினதை நீயே ஒருமுறை இழுத்துப் பார். வாடிக்கையாளரின் சாவியில் கை வைக்காதே, தந்தால் வாங்கு, கேட்டால் கொடு. முதலாவது சட்டத்தை நான் தினமும் மீறினேன். இரண்டாவதைப் பயத்தில் காப்பாற்றினேன். மூன்றாவதை ஒரு தடவைதான் மீறினேன், அதுவும் ஊரே கூடி நின்ற இடத்தில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வையுங்கள். வெம்பிளியில் ராசன் என்று ஒருவர் இருந்தார். நம் ஆட்களின் கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். தூண்கள், தோரணம், அன்னப்பட்சிகள், மாப்பிள்ளை பெண் இருக்கும் கதிரைகள், எல்லாவற்றையும் கழற்றி ஏற்றி, வேறு நகரத்தில் இறக்கிப் பூட்ட வேண்டும். வாடகை வானில் ஏற்றி இறக்கியதில் பாதி அன்னங்களுக்குக் கழுத்து இல்லாமல் போய்விட்டது. கழுத்தில்லாத அன்னத்துக்குக் கீழே தாலி கட்ட எந்தப் பெண்வீட்டாரும் சம்மதிப்பதில்லை. அந்த நேரத்தில் ஊர் திரும்பும் ஓர் அமெரிக்கச் சிப்பாய் தன்னுடைய பிக்கப்பையும், உயரமான பெரிய ட்ரெயிலர் ஒன்றையும் விற்க, ராசன் இரண்டையும் சேர்த்து வாங்கினார். இரண்டும் நல்ல ஜோடி என்று விற்றவர் சொன்னாராம். ஜோடிதான், ஆனால் பொருத்தம் பார்க்கவில்லை.

அந்த ட்ரெயிலர் சாதாரணமாகப் பின் பம்பரில் கொழுவுகிற வகை அல்ல. ஃபிஃப்த் வீல் என்பார்கள், ஐந்தாவது சில்லு. சில்லும் இல்லை, உருளுவதும் இல்லை. நம் சங்கங்களின் ஆயுட்காலத் தலைவர்கள் மாதிரி நடுவில் குந்திக்கொண்டு இருக்கும். பிக்கப்பின் தட்டில், பின்னச்சுக்கு மேலே ஓர் இரும்புக் கொழுவி. ட்ரெயிலரின் மூக்குக்குக் கீழே உள்ள தடித்த முளை அதன் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். தட்டு நீளமாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ராசனுடையது கட்டைத் தட்டு. அப்படியே பூட்டினால் முதல் மூலையில் திரும்பும்போதே ட்ரெயிலரின் தோள்பட்டை வந்து கபினின் பின்கண்ணாடியை உடைக்கும்.

இதற்கு மருந்து சறுக்குகிற கொழுவி. தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் போகும். ஒடுங்கிய மூலை வருகிறதென்றால், ட்ரெயிலருக்கு பிரேக்கைப் போட்டு, கைபிடியை இழுத்துவிட்டு, பிக்கப்பை ஒரு சாண் முன்னுக்கு எடுக்க வேண்டும். ட்ரெயிலர் நின்ற இடத்தில் நிற்பதால் கொழுவி தட்டில் பின்னுக்குப் போய்விடும், கண்ணாடி தப்பும். திரும்பி முடிந்ததும் அதே மாதிரி பிக்கப்பை ஒரு சாண் பின்னுக்கு எடுக்க வேண்டும். கொழுவி மறுபடி அச்சுக்கு மேலே வந்து ‘டக்’ என்று பூட்டும். இவ்வளவுதான். இதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.

பின்னுக்குப் போன கொழுவியை அப்படியே விட்டுவிட்டு மோட்டர்வேயில் ஏறினால் என்ன ஆகும்? சைக்கிள் கரியரில் இரண்டு மூட்டை ஏற்றி ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்சில்லு நிலத்தில் பாவாது. ஹாண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் சைக்கிள் தன் எண்ணப்படி போகும். இங்கே மூட்டைக்குப் பதிலாக ஒரு கலியாண மண்டபத்தின் பாதி, சைக்கிள் வேகத்துக்குப் பதிலாக மோட்டர்வே வேகம்.

வேலையை நான்தான் செய்தேன். நல்லாய்த்தான் செய்தேன், இதில் தன்னடக்கம் பேச எனக்கு வராது. ராசனை எங்கள் முற்றத்தில் வைத்து முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு, பின்னுக்கு என்று பழக்கினேன். மனிதர் கெட்டிக்காரர், அலுக்கும் வரைக்கும் பிழையில்லாமல் செய்து காட்டினார். முதலாளியும் வந்து பார்த்துவிட்டு ஒரு கெட்டவார்த்தையும் சொல்லாமல் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கராஜில் கிடையாது. வீதியை யோசித்தேன், மழையை யோசித்தேன், பாரத்தை யோசித்தேன். நம் சனம் ஒரு வாகனத்தை முதற் பயணம் எப்படி அனுப்பி வைக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் நானும் அதே சனம்தான்.

முதற் பயணம் பர்மிங்காமுக்கு. ஞாயிற்றுக்கிழமை கலியாணம், சனிக்கிழமை காலை மணவறை புறப்பட வேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன்னரே வெளிக்கிட வேண்டும் என்று ராசனின் மாமியார் நேரம் பார்த்திருந்தார். எல்லோருக்கும் அவர் மாமிதான், எனக்கும்கூட. மெலிந்த உருவம், மூக்குத்தி, கம்பளிக் கோட்டுக்கு மேலே ஒரு சால்வை. ராசன் கவுன்சிலுக்குப் பயப்படமாட்டார், வரிக் கந்தோருக்குப் பயப்படமாட்டார், மாமிக்குப் பயப்படுவார். கொழுவி பூட்டினவன் என்ற மரியாதையில் என்னையும் அழைத்திருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் கையில் மோதகமுமாய் நின்றேன்.

ஒரு கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் சடங்கு நடந்தது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். வாசல் ஒடுக்கம், வெளியே வந்ததும் உடனே வீதியில் திரும்ப வேண்டும். ராசன் நான் பழக்கியபடியே கொழுவியைப் பின்னுக்கு விட்டு ஆயத்தமாய் வைத்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமி வலது காலை எடுத்து வைத்து ஏறினார். நடுவில் ராசனின் மனைவி, மடியில் இரண்டு வயது மகன். தேசிக்காய்கள் நசிந்தன. பிக்கப் மெல்ல வாசலைத் தாண்டி, ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி, வீதியில் நேராக நின்றது. சனம் முழுக்கக் கைதட்டியபடி பின்னால் வந்தது.

இனி ஒரு சாண் பின்னுக்கு. ராசன் ட்ரெயிலர் பிரேக்கைப் போட்டு, இறங்கிக் கைபிடியை இழுத்துவிட்டு, ஏறி ரிவேர்ஸ் கியரைப் போட்டார். பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது.

“தம்பி, என்ன செய்யிறியள்?”

“ஒரு சாண் பின்னுக்கு எடுக்கவேணும் மாமி.”

“வெளிக்கிட்ட வாகனத்தையோ? தேசிக்காய் மிதிச்சு வந்த வாகனத்தையோ?”

“ஒரு சாண்தான் மாமி.”

“ஒரு சாண் எண்டாலும் பின்னுக்குப் பின்னுக்குத்தான். போய்ச் சேருமட்டும் பின்னுக்கு எடுக்கக் கூடாது. முன்னுக்கு விடுங்கோ.”

வெள்ளை விளக்கு அணைந்தது. அமெரிக்க வாகனம், ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் ராசன் நடைபாதைப் பக்கத்தில் இருந்தார். நான் போய்க் கண்ணாடியருகில் குனிந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரனைப் பார்க்கிற பார்வை.

“செல்வண்ணை, இப்பிடியே மெதுவாப் போனால் என்ன? நாப்பதுக்கு மேல ஓடமாட்டன்.”

“ஏலாது.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வழியில சேர்விஸ் கடையடியில நிப்பாட்டுவன். மாமி ரீ குடிக்க இறங்கேக்கை மெல்லமாப் பின்னுக்கு...”

“மாமி வழியில இறங்குவாவோ?”

ராசன் மாமியின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். “இறங்கமாட்டா” என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். என் வேலை முடிந்துவிட்டது. கொழுவி நல்ல கொழுவி, பழக்கியதும் ஒழுங்காகப் பழக்கியாயிற்று. அதற்குமேல் அவர்கள் பாடு, மாமி பாடு. கையை உயர்த்தி “போயிட்டு வாங்கோ” என்று சொல்லியிருந்தால் என்னை யாரும் ஒரு குற்றமும் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து மடியில் இருந்த பொடியன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி, பீப் பீப் என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கையை உள்ளே விட்டு, இயந்திரத்தை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

புறப்பட்ட வாகனம் வீதியில் அணைந்தால் எப்பேர்ப்பட்ட அபசகுனம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கைதட்டின சனம் இப்போது என் மேல் பாய்ந்தது. “உவரை ஆர் இஞ்சை கூப்பிட்டது?” என்றார் ஒருவர், சற்று முன் எனக்கு மோதகம் தந்தவர். இன்னொருவர் ஒன்பது மணிக்கு எவ்வளவு இருக்கிறது என்று ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் போதாதென்று ட்ரெயிலருக்குப் பின்னால் ஒரு சிவப்பு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

நான் சுற்றிக்கொண்டு மாமியின் பக்கம் போனேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது. “மாமி, உது விசர்க்கதை. பின்னுக்கு எடுத்தால் ஒண்டும் நடக்காது. எடுக்காமல் போனால்தான் நடக்கும்” என்றேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

“நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு வான் ஒழுங்கை முடியிற இடத்துக்கு வந்திட்டுது. இவளின்ரை அப்பா மருந்துப் பையை மறந்திட்டார். பின்னுக்கு எடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். வான் பின்னுக்குப் போனது. பையை எடுக்க இறங்கி உள்ளுக்குப் போனவர். அந்த நேரம் ஷெல் அடிச்சவங்கள்.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிசியின் துக்கத்தைப் பார்த்து விசர்க்கதை என்று சொல்லிவிட்டேனே. ஆனாலும் சாவியைக் கொடுக்க முடியவில்லை. அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை, பஸ் ஹோர்னும் உண்மை. புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமும் கிடையாது.

பின்னால் மறுபடி ஹோர்ன். எனக்கு யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை, காற்றைப் பார்த்துக் கத்தினேன். “நான் என்ன செய்ய மாமி? உந்தக் கொழுவி பூட்டவேணும். பூட்டுறதெண்டால் ஒண்டில் இது பின்னுக்குப் போகவேணும், இல்லாட்டி அந்தப் பெட்டி முன்னுக்கு வரவேணும்! வேற வழி இல்லை!”

மாமி முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

“அப்ப பெட்டியை முன்னுக்குக் கொண்டு வாங்கோவன்.”

நான் ட்ரெயிலரைத் திரும்பிப் பார்த்தேன்.

“வெளிக்கிட்டது பின்னுக்குப் போகக் கூடாது எண்டுதான் நான் சொன்னனான். முன்னுக்கு வாறதுக்கு ஆர் மறிச்சது? முன்னுக்கு வாறது நல்லதுதானே?”

இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். பிக்கப் அசையும், ட்ரெயிலர் நிற்கும், அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் பழக்கினோம். மறுபக்கத்தை நானே என் வாயால் சொன்னேன், நானே அதைக் கேட்கவில்லை. கத்துகிறவனுக்குத் தன் சத்தம் மட்டும்தான் கேட்கும், சொன்னது கேட்காது.

பிறகு நடந்ததை அந்த வீதியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பிக்கப்புக்குக் கைப்பிரேக் போட்டு, அது நகராதபடி சில்லுகளுக்கு முன்னால் கட்டை வைத்தேன். ட்ரெயிலரின் பிரேக்கை எடுத்துவிட்டேன். கொழுவியின் கைபிடி வெளியே இழுத்தபடிதான் இருக்கிறதா என்று பார்த்தேன். “எல்லாரும் பின்னாலை போய்த் தள்ளுங்கோ!” என்றேன். என்னை யார் கூப்பிட்டது என்று கேட்டவர் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டினார். பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் தோளோடு தோள் நின்று தள்ளின. அசையவில்லை. பஸ் சாரதி, ஆஜானுபாகுவான ஜமேக்காக்காரர், கோபத்தோடு இறங்கி வந்தவர், நிலைமையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி எங்கள் ஆள் ஒருவரின் தலையில் வைத்தார். பிறகு அவரும் தோள் கொடுத்தார். யாரோ “அரோகரா” என்றார்கள். பஸ் சாரதியும் தன்னால் முடிந்த மாதிரி அரோகரா என்றார்.

ட்ரெயிலர் நகர்ந்தது. ஒரு விரல், நாலு விரல், ஒரு சாண். நான் தட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டு காதைக் கொழுவியில் வைத்திருந்தேன்.

டக்.

இரண்டாவது சட்டத்தின்படி ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. கட்டைகளை எடுத்தேன், சாவியைக் கொடுத்தேன். ராகுகாலம் தொடங்குவதற்குள் போனார்களா என்று கேட்காதீர்கள். மாமி தன் மணிக்கூட்டைப் பார்த்து “நேரம் இருக்கு” என்றார், அதற்குப் பிறகு மற்ற மணிக்கூடுகளுக்கு அங்கே மதிப்பில்லை. ஞாயிறு காலை பர்மிங்காமில் தாலி ஏறியது. அன்னங்களுக்கும் கழுத்து இருந்தது.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். அவர் காதுக்கு முழுக்கதையும் போயிருந்தது.

“சாவியில் கை வைத்தாயாமே?”

“ஓம்.”

“எப்போது கொடுத்தாய்?”

“பூட்டின பிறகு.”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். “அப்படியானால் அந்தச் சட்டத்தில் இரண்டு சொல் குறைந்துவிட்டது, பூட்டின பிறகு கேட்டால் கொடு” என்று சொல்லிவிட்டு, என்னுடைய தேநீர்க் கோப்பையை மேசையிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் ஊற்றினார். அடுத்த கிழமையிலிருந்து எங்கள் ஆட்கள் யார் வந்தாலும், “உன் வீட்டு வாசல் எவ்வளவு அகலம், முதற் பயணம் என்றைக்கு, யார் கூட வருகிறார்கள்?” என்று அவரே கேட்கத் தொடங்கினார். ஓர் ஐரிஷ்காரர் ராகுகாலம் கேட்டு நேரம் குறிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருப்பேன். முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, சில வருடங்களுக்கு முன் ராசன் கூப்பிட்டார். தொழிலை மகன் பொறுப்பெடுத்துவிட்டான், புது வான் வாங்கியிருக்கிறான், முதற் பயணத்துக்கு வர வேண்டும் என்றார். மாமி அப்போது உயிரோடு இல்லை. போனேன். அதே முற்றம், வாசலை மட்டும் அகலமாக்கியிருந்தார்கள். சாதாரண வெள்ளை வான். ட்ரெயிலர் இல்லை, கொழுவி இல்லை, பின்னால் ஒரு கொக்கிகூடக் கிடையாது. தேங்காய், கற்பூரம், தேசிக்காய் எல்லாம் முடிந்து வான் வீதிக்கு வந்து நேராக நின்றது. உடனே சனம் முழுக்க ஓடிப்போய் வானுக்குப் பின்னால் வரிசையாக நின்று கை வைத்தது.

“ஏன் தம்பி, வான் ஸ்டார்ட் வருகுதில்லையோ?” என்று நான் கேட்டேன்.

சாரதி ஆசனத்தில் இருந்தபடி மகன் சிரித்தான். ஆறடி உயரம், கண்ணாடி போட்ட பையன். “இல்லை அங்கிள், இது ட்ரெடிஷன். வெளிக்கிட்டால் ஒரு சாண் எல்லாரும் முன்னுக்குத் தள்ளவேணும். யாழ்ப்பாணத்தில பரம்பரை பரம்பரையாச் செய்யிறது. அம்மம்மா சொல்லித் தந்தவ” என்றான்.

நான் ராசனைப் பார்த்தேன். ராசன் மிகுந்த அக்கறையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அம்மாவின் மடியிலிருந்து எட்டிப் பிடித்த அந்தக் கை இப்போது ஸ்டியரிங்கில் இருந்தது. அன்றைக்கு எதற்காகத் தள்ளினோம் என்று சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆள் உயிரோடு முன்னால் இருக்கிறானே, அது போதும்.

எல்லோரும் தள்ளினார்கள். நானும் போய்க் கை வைத்தேன். வான் ஒரு சாண் முன்னுக்குப் போனது. சனம் கைதட்டியது. நான் மட்டும் காதைக் கதவில் வைத்தபடி, அந்த ‘டக்’ வரும் என்று இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு நின்றேன்.